விடாத மழையும் விடாப்பிடியான மனிதரும்

மொழிப் பகுதி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், 2023 டிசம்பரில் வடசென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தைப் பற்றிப் பள்ளிக் கட்டுரை ஒன்று எழுதினாள். அதில் ‘விடாப்பிடியான மழை’, ‘விடாமுயற்சியான தூய்மைப் பணியாளர்கள்’, ‘அயராத தலைவலி’ என்று எழுதியிருந்த மூன்று இடங்களிலும் ஆசிரியை கோடிட்டிருக்கிறார். பொருள் விளங்கத்தானே செய்கிறது, பிழை எங்கே இருக்கிறது?
— ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஆசிரியை கோடிட்டது சரியே. ஆனால் மூன்றும் ஒரே வகைப் பிழைகள் அல்ல என்பதால் தனித்தனியாகப் பார்ப்போம்.

விடாப்பிடி என்பது பிடித்த ஒன்றைக் கைவிட மறுப்பது. அதற்கு ஒரு மனம் வேண்டும், இன்னது வேண்டும் என்ற நோக்கமும் வேண்டும். ஒரு தெருவின் மக்கள் கழிவுநீர்க் குழாயை மாற்றக் கோரி மாதாமாதம் மனு அளித்தால், அது விடாப்பிடியான கோரிக்கை. மழைக்கு அத்தகைய நோக்கம் இல்லை. கவிதையில் மழையை ஓர் ஆளாக நிறுத்திப் பேசலாம். நடந்ததை நடந்தபடி விவரிக்கும் கட்டுரையில் ‘விடாத மழை’, ‘இடைவிடாத மழை’ என்பவையே பொருந்தும். ‘அடைமழை’ என்ற அருமையான சொல்லும் நம்மிடம் இருக்கிறது. விடாமை என்ற பொருள் அதற்குள்ளேயே அடங்கியிருப்பதால், அதன் முன்னால் ‘இடைவிடாத’ என்று சேர்க்கத் தேவையில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். ராயபுரத்திலோ காசிமேட்டிலோ அந்த வெள்ள நாட்களைப் பற்றிக் கேட்டால், ‘மழ விடாம பேஞ்சிகினே இருந்திச்சி’ என்றுதான் சொல்வார்கள். அந்த வாக்கியத்தில் மழைக்கு அடைமொழியே இல்லை. விடாமை முழுவதையும் வினை சுமக்கிறது. தமிழின் இயல்பான போக்கு இதுதான் என்பது என் உறுதியான கருத்து. எழுத்துத் தமிழிலும் ‘மழை விடாமல் பெய்துகொண்டே இருந்தது’ என்பது, ‘இடைவிடாத மழை பெய்தது’ என்பதைவிட உயிருள்ள வாக்கியம். எனவே உங்கள் மகள் முதலில் வினையை வைத்து எழுதிப் பார்க்கட்டும். பெயருக்கு அடைமொழி தந்தே ஆக வேண்டும் என்ற இடத்தில் மட்டும் பெயரெச்சத்தைத் தேடட்டும்.

அடுத்தது, ‘விடாமுயற்சியான பணியாளர்கள்’. ‘ஆன’ என்பது அழகான, உயரமான, அமைதியான என ஒருவரின் தன்மையைச் சொல்லும் பெயர்களோடு எளிதில் சேரும். முயற்சி என்பதோ ஒருவர் செய்வது. செய்பவரிடம் அது இருக்கிறது என்று சொல்வதற்கு ‘உள்ள’ அல்லது ‘உடைய’ வேண்டும். அதனால் ‘விடாமுயற்சியுள்ள பணியாளர்கள்’, ‘விடாமுயற்சியுடைய பணியாளர்கள்’ என்று எழுத வேண்டும். திருக்குறள் ‘அசைவிலா ஊக்கமுடையான்’ என்று சொல்வதைக் கவனியுங்கள். ‘அசைவிலா’ என்ற அடை ஊக்கத்துக்கு உரியது. அந்த ஊக்கத்தை ‘உடையான்’ என்ற சொல் ஆளோடு இணைக்கிறது. அந்தக் குறள் இடம்பெற்ற அதிகாரத்தின் பெயர் ஊக்கமுடைமை; முயற்சியைப் பேசும் அதிகாரத்தின் பெயர் ஆள்வினையுடைமை. இரண்டிலும் உடைமை என்ற சொல்லே நிற்கிறது.

மூன்றாவது எளிது. அயர்தல் என்றால் சோர்தல். அயராத உழைப்பு உண்டு, அயராத பணியாளர் உண்டு, ஆனால் சோர்வடையும் இயல்பே இல்லாத தலைவலியை அயராதது என்று சொல்ல முடியாது. அது தீராத தலைவலி அல்லது விடாத தலைவலி. சளைக்காத என்ற சொல்லும் அப்படியே உயிருள்ளவர்களுக்கு உரியது.

தீராத, ஓயாத என்ற இரண்டையும் ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைப் போடும் வழக்கம் செய்தி எழுதுபவர்களிடமும் இருக்கிறது. வேறுபாடு நுட்பமானது, ஆனால் முக்கியமானது. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்துவிட்டதால், மெரினாவில் மணல் பெருகியது. ராயபுரத்துக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டது. இதை ‘ஓயாத கடலரிப்பு’ என்று எழுதினால், அலைகள் நிற்காமல் அரிக்கின்றன என்று பொருள். ‘தீராத கடலரிப்பு’ என்று எழுதினால், கல் கொட்டியும், கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு அமைத்தும் சிக்கலுக்கு முடிவு கிடைக்கவில்லை என்று பொருள். முதலாவது கடலைப் பற்றியது, இரண்டாவது மனிதர் செய்த தீர்வைப் பற்றியது. எதைச் சொல்ல வருகிறோம் என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

மனிதரைப் பற்றி எழுதும்போது இன்னும் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் அங்கே அடைமொழி தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. 1918-இல் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கமும் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் நெடிய வேலைநிறுத்தங்களும் உங்கள் பகுதியின் வரலாறு. அத்தொழிலாளர்களைப் ‘பிடிவாதமான தொழிலாளர்கள்’ என்று எழுதுபவர் நிர்வாகத்தின் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறார். ‘தளராத தொழிலாளர்கள்’ என்று எழுதுபவர் ஆலை வாசலில் நிற்கிறார். விடாப்பிடியான என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சொல். அடுத்து வரும் பெயரே அதைப் பாராட்டாகவோ குறையாகவோ ஆக்குகிறது. ‘விடாப்பிடியான போராட்டம்’ பாராட்டு. ‘விடாப்பிடியான மறுப்பு’ பெரும்பாலும் குறை.

கேள்வி: ‘விடாப்பிடியானக் கோரிக்கை’ என்று சுவரொட்டி ஒன்றில் கண்டேன். அங்கே ‘க்’ மிகுமா?
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: மிகாது. ‘விடாப்பிடியான’ என்பது பெயரெச்சத்தின் வடிவில் நிற்பதால், ‘விடாப்பிடியான கோரிக்கை’, ‘ஓயாத தொல்லை’, ‘தீராத பகை’ என்று இயல்பாகவே எழுத வேண்டும். ‘ஆக’ என்று முடிந்தால் மிகும்: ‘விடாப்பிடியாகக் கேட்டார்கள்’. சுவரொட்டி எழுதியவரை இந்த வடிவம்தான் குழப்பியிருக்க வேண்டும்.

இன்னொரு இடத்திலும் மிகும். ‘ஓயாத’ என்பதன் கடைசி எழுத்தான ‘த’ கெட்டு ‘ஓயா’ என்று நின்றால், அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதன்பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். ஓயாத் தொல்லை, தீராப் பகை, அயராப் பணி என்று வரும். விடாப்பிடி என்ற சொல்லில் உள்ள ‘ப்’ வந்த வழியும் அதுவே. விடாமுயற்சியில் ஒற்று மிகாததற்குக் காரணம், ‘மு’ வல்லினம் அல்ல என்பது.

கேள்வி: தொடர், தொடர்ந்த, தொடர்ச்சியான: மூன்றும் ஒன்றுதானா? எங்கள் பகுதிக் கால்பந்துக் குழுவைப் பற்றி எழுதும்போது குழப்பமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் சில நாட்கள் விட்டு நடப்பவற்றுக்குத் ‘தொடர்ச்சியான’ பொருந்தும்: ‘தொடர்ச்சியான மூன்று தோல்விகள்’. இதை ‘இடைவிடாத மூன்று தோல்விகள்’ என்று எழுதக் கூடாது. ஆட்டங்களுக்கு நடுவே இடைவெளி இருந்ததே. ‘தொடர்’ வினைத்தொகையாக நிற்கும்போது சுருக்கமாகவும் அழுத்தமாகவும் இருக்கும்: ‘தொடர் தோல்வி’, ‘தொடர் பயிற்சி’. வினைத்தொகையில் ஒற்று மிகாது என்பதால் ‘தொடர்ப் பயிற்சி’ என்று எழுத வேண்டாம். ‘தொடர்ந்த’ என்பதை, முன்பே தொடங்கிய ஒன்று பின்னும் நீண்டது என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்: ‘மாலை இருட்டிய பிறகும் தொடர்ந்த பயிற்சி’.