நகல் என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,
அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். அச்சு ஓவியக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டியைப் பற்றிப் படித்தேன். பாதி ஆயுள் சொல்லிக்கொடுப்பதிலேயே போயிருக்கிறது. மிச்ச நேரத்தில் செய்ததும் நகல் எடுக்கிற கலை. அவர் வெறும் ஓவியராக இருந்திருந்தால் இன்னும் புகழ் கிடைத்திருக்குமே? நானும் வேலையை விட்டுவிடலாமா?
கே.

அன்புள்ள கே.,

புகழ் விஷயத்தை விடுங்கள். ஒரு ஓவிய ஆசிரியர் 'நகல்' என்று எழுதலாமா? உங்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

இளவயதில் ஒரு பட்டறையில் அச்சு எந்திரத்தின் சக்கரம் சுற்றியிருக்கிறேன். படம் செதுக்கி மை பூசிய தகட்டிலிருந்து ஈரத்தாளை மெல்ல உரிக்கும்போது, செதுக்கியவருக்கே என்ன வரும் என்று தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நகல் எடுக்கிறவனுக்கு அந்தப் படபடப்பு எதற்கு?

ரெட்டி சாந்திநிகேதனில் ஓவியர் நந்தலால் போஸிடம் படித்தவர். 1947 முதல் 49 வரை நம் கலாக்ஷேத்ராவில் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் லண்டன், பாரிஸ். பாரிஸில் ஆங்கிலேய அச்சுக் கலைஞர் ஹேய்ட்டர் நடத்திய 'அட்லியே 17' பட்டறையில், இன்னொரு இந்தியக் கலைஞரான கைகோ மோத்தி முதலானவர்களோடு சேர்ந்து ஒன்றைக் கண்டுபிடித்தார். தகட்டை வெவ்வேறு ஆழத்தில் செதுக்குவது. ஆளி விதை எண்ணெய் கலந்து இளக்கிய மையைக் கெட்டி உருளையால் ஓட்டினால் மேட்டில் மட்டும் ஒட்டும். அடுத்து மென்மையான உருளையில் இறுக்கமான மை. அது பள்ளத்துக்குள் இறங்கும், மேட்டில் இருக்கும் எண்ணெய் மை அதை ஒட்டவிடாது. ஒரே தகடு, ஒரே அழுத்தம், பல நிறங்கள். எண்ணெயைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் நிறங்கள் சேரும் விதமே மாறிவிடும். 'கிரேட் க்ளவுன்' என்ற கோமாளிப் படத்தை அவர் வெவ்வேறு நிறச் சேர்க்கைகளில் அச்சிட்டிருக்கிறார். அதில் எது அசல், எது நகல்? நீங்களே சொல்லுங்கள்.

இது தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்டுபிடித்ததும் இல்லை. வந்தவர், போனவர், கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே மேஜையில் மை பூசிய இடம் அது. பின்னால் நியூயார்க் போய், 2018இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அங்கும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். சொல்லிக்கொடுத்த நேரத்தை அவர் கணக்கிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கலை என்கிறீர்களே, எப்படிப் பிரிப்பீர்கள்?

வேலையை விடுவதா என்பது உங்கள் வீட்டுச் செலவைப் பொறுத்தது, நான் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முன் ஒரு பழைய லினோலியம் துண்டும் செதுக்கு உளியும் வாங்கி வகுப்புக்குக் கொண்டுபோங்கள். பிள்ளைகள் தாளை உரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.