இந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நூறு வருடத்துக்கு மேல் பழைய கட்டடம் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். எனக்கு முன்னால் இங்கே யாரெல்லாம் குடியிருந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா? வீட்டுக்காரருக்குத் தன் அப்பா காலத்துக்கு முந்தைய கதை எதுவும் தெரியவில்லை.

பதில்: முடியும். ஆனால் எல்லோரும் முதலில் தேடி ஓடுவது பத்திரத்தை. அதில் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. யார் வாங்கினார், யார் விற்றார், யார் அடமானம் வைத்தார் என்பதுதான் பத்திரத்தில் இருக்கும். நகரத்து வீடுகளில் சொந்தக்காரர் எங்கேயோ இருப்பார், அடுப்பு எரித்து, பிள்ளை பெற்று, மூட்டுவலியோடு மாடிப்படி ஏறி இறங்கியது வேறு யாரோவாக இருக்கும். உங்களை மாதிரி வாடகைக்காரர்கள் பத்திரத்தில் ஏறுவதே இல்லை.

அவர்கள் அகப்படுவது யாரும் மதிக்காத காகிதங்களில். வரிப் புத்தகம், வாக்காளர் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நீதிமன்ற வழக்குக் கட்டு. அப்புறம் தெருவாரியான முகவரிப் புத்தகங்கள்: தொலைபேசி வருவதற்கு முன்பே பல நகரங்களில் எந்த வீட்டில் யார், என்ன தொழில் என்று அச்சடித்து விற்றார்கள். ஐந்தைந்து வருட இடைவெளியில் இந்தப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தால், தையற்காரர் போய் மருத்துவர் வந்ததும், மருத்துவர் போய் வீடு நாலாகப் பிரிந்து நாலு குடும்பம் வந்ததும் கண்முன்னால் தெரியும்.

கணக்கெடுப்பில் பொறுமை வேண்டும். பெயரோடு கூடிய தாள்களை பிரிட்டன் 100 வருடம் பூட்டி வைக்கிறது, அமெரிக்கா 72 வருடம். இங்கிலாந்தின் 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது, அமெரிக்காவின் 1950 கணக்கெடுப்பு அதே வருடம் ஏப்ரலில். நெருப்பு வேறு தன் பங்குக்கு விளையாடியிருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1931 கணக்கெடுப்பு 1942-இல் எரிந்தே போனது. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்பும் 1921-இல் பிடித்த தீயில் சேதமாகி, மிஞ்சியதும் பின்னால் அழிக்கப்பட்டு, கிட்டத்தட்ட முழுசாகப் போய்விட்டது. அதனால் ஒரே ஆவணத்தை நம்பி உட்காராதீர்கள்.

தீ என்றதும் இன்னொன்று. நெருப்புக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரையப்பட்ட வரைபடங்கள் ஒரு புதையல். அமெரிக்காவில் சான்பார்ன் என்ற நிறுவனம் 1867 முதல் சுமார் 12,000 ஊர்களுக்கு இப்படி வரைந்தது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரத்துக்கு மஞ்சள். எத்தனை மாடி, எங்கே ஜன்னல், எங்கே கொதிகலன் எல்லாம் அதில் உண்டு. அவர்களுக்கு வேண்டியிருந்தது எது சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்பது மட்டும்தான், வரலாறு இலவச இணைப்பாக வந்துவிட்டது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை: கதவு எண்ணை நம்பாதீர்கள். சிகாகோ 1909-இல் நகரத்தின் பெரும்பாலான கதவு எண்களை மாற்றியது. அதற்கு முந்தைய முகவரியை இன்றைய எண்ணோடு பொருத்தினால் யாரோ ஒருவருடைய தாத்தாவை உங்கள் வீட்டில் குடிவைத்துவிடுவீர்கள். தெருப் பெயரும் இப்படித்தான். எண் எப்போது மாறியது என்று முதலில் பாருங்கள், தெருமுனையில் உள்ள கோயிலோ தேவாலயமோ பள்ளியோ எதையாவது அடையாளமாக வைத்துக்கொண்டு எண்ணி வாருங்கள்.

கேள்வி: அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் இருந்த லண்டன் வீட்டின் அடியில் மனித எலும்புகள் கிடைத்தன என்கிறார்களே, அவர் கொலைகாரரா?

பதில்: பாவம் மனிதர், அவர் அங்கே வெறும் வாடகைக்காரர்! 36, கிரேவன் தெரு. 1757 முதல் 1775 வரை, நடுவில் சில காலம் ஊருக்குப் போய் வந்தது தவிர, அங்கேதான் தங்கியிருந்தார். வீட்டை நடத்தியவர் மார்கரெட் ஸ்டீவன்சன் என்ற விதவை. அவருடைய மகள் பாலி, வில்லியம் ஹியூசன் என்ற உடற்கூறு மருத்துவரை மணந்தார். அந்த மாப்பிள்ளை 1772-இல் இதே வீட்டில் உடற்கூறு பள்ளி தொடங்கினார்.

அந்தக் காலத்தில் அறுத்துப் பார்க்கச் சட்டப்படி கிடைத்தவை தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்கள் மட்டும்தான், அதுவும் போதாது. மிச்சத்தை இடுகாட்டில் திருடுபவர்களிடம் வாங்கினார்கள். அப்படி வந்த உடலை மறுபடி தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு போனால் மாட்டிக்கொள்ள மாட்டார்களா? வீட்டுக்கு அடியிலேயே குழி தோண்டிப் போட்டுவிட்டார்கள். 1998 வாக்கில் வீட்டைப் பழுதுபார்த்தபோது 1,200-க்கும் அதிகமான எலும்புத் துண்டுகள் வெளியே வந்தன. குறைந்தது 15 பேருடையவை. ஹியூசனும் பிழைக்கவில்லை. பிணத்தை அறுக்கும்போது பட்ட காயம் சீழ் பிடித்து 1774-இல் இறந்தார், வயது 34.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. வீட்டுக்குப் பெயர் பிராங்க்ளின் இல்லம். குறைந்தது பதினைந்து பேர் அந்த வீட்டில் நிரந்தரமாகவே தங்கிவிட்டார்கள், ஒருவர் பெயர்கூடத் தெரியாது.

கேள்வி: பழைய கட்டடங்களில் 'இன்னார் இங்கே வாழ்ந்தார்' என்று பலகை வைக்கிறார்களே, அதை எவ்வளவு நம்பலாம்?

பதில்: உண்மையா என்று கேட்டால், பெரும்பாலும் உண்மை. முழுசா என்று கேட்டால், இல்லவே இல்லை.

லண்டனின் நீலப் பலகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1863-இல் வில்லியம் யூவர்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் யோசனை சொன்னார், 1867-இல் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் முதல் பலகை ஏறியது. அந்த வீட்டை 1889-இல் இடித்துவிட்டார்கள், பலகையும் போயிற்று! இப்போது மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது மூன்றாம் நெப்போலியனுடையது. அதுவும் 1867-இல், அவர் பிரான்சில் பேரரசராக உட்கார்ந்திருக்கும்போதே வைத்தது. இன்று இறந்து 20 வருடம் ஆனவருக்குத்தான் வைப்பார்கள். இத்தனை வருடத்தில் பெண்கள் பெயரில் உள்ளவை ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

பலகை ஒரு கட்டடத்தின் ஒரு நொடியை மட்டும் பிடித்து வைக்கிறது. எப்போதாவது இரண்டு நொடிகள் பக்கத்து பக்கத்தில் மாட்டிக்கொண்டால் வேடிக்கையாக இருக்கும். லண்டன் புரூக் தெரு 25-ஆம் எண் வீட்டில் இசையமைப்பாளர் ஹேண்டல் 1723 முதல் 1759-இல் சாகும்வரை இருந்தார், அவரும் வாடகைதான். ஒட்டினாற்போல் உள்ள 23-இன் மேல்மாடிக்கு 1968-இல் கிதாரோடு ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வந்து சேர்ந்தார். ஹேண்டல் இருந்த இடம் என்று கேள்விப்பட்டதும் போய் அவருடைய இசைத்தட்டுகளை வாங்கிவந்து கேட்டாராம். சரி, இந்த இருவருக்கும் நடுவில் இருநூறு வருடம் அந்த வீடுகள் காலியாகவா கிடந்தன?

பிரபலம் இல்லாதவர்களுக்கும் அடையாளம் வைக்க வேண்டும் என்று முனைந்தவர் ஜெர்மனியின் கலைஞர் குன்டர் டெம்னிக். 1990-களில் தொடங்கி, நாஜிகள் கொண்டுபோனவர்கள் தாமாக விரும்பி வாழ்ந்த கடைசி வீட்டு வாசலில், நடைபாதையிலேயே, பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளை முகம் கொண்ட கல்லைப் பதிக்கிறார். பெயர், பிறந்த வருடம், என்ன ஆனார். 2023-இல் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. ஒவ்வொரு பெயரையும் தேடி எடுப்பதில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்தத் தெருவாசிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. என்னைக் கேட்டால், எந்தச் சுவர்ப் பலகையையும்விட இதுதான் உயர்ந்தது.

கேள்வி: எங்கள் தெருவில் பேய் வீடு என்று சொல்லும் பழைய மாளிகை ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட கதைகளில் வரலாறு ஏதாவது இருக்குமா?

பதில்: வீட்டைப் பற்றிக் குறைவாக, அக்கம்பக்கத்தாரைப் பற்றி நிறைய இருக்கும். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் துப்பாக்கித் தொழிலதிபர் குடும்பத்து விதவை சாரா வின்செஸ்டர் கட்டிய மாளிகையைப் பற்றி, ஆவிகளுக்குப் பயந்து 38 வருடம் இரவு பகலாக நிறுத்தாமல் கட்டினார் என்பார்கள். ஆனால் வேலையாட்களை மாதக்கணக்கில் அனுப்பிவிட்டதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். எங்கும் போகாத படிக்கட்டும் மூடிய கதவும் ஆவி வேலை இல்லை, 1906 நிலநடுக்கத்தில் இடிந்த பகுதிகளை அவர் திரும்பக் கட்டாமல் விட்டதும் அதற்கு ஒரு காரணம். தனியாக வாழ்ந்த பணக்கார விதவை, கட்டடக் கலையில் ஆர்வம், யாரையும் வீட்டுக்குள் விடுவதில்லை. ஊர் வாய்க்கு வேறென்ன வேண்டும்?

கேள்வி: பழைய வீட்டின் புகைபோக்கிக்குள் குழந்தையின் தேய்ந்த செருப்பு ஒன்று கிடைத்தது. ஒற்றைதான். தூக்கிப் போடலாமா?

பதில்: போடாதீர்கள்! தற்செயலாக விழுந்தது போலத் தெரியும், ஆனால் நிறைய நாடுகளில் சுவர், கூரை, புகைபோக்கி, தரைப்பலகை இடுக்குகளில் இப்படி வேண்டுமென்றே ஒளித்த காலணிகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் நன்றாகத் தேய்ந்தவை, ஒற்றையாக, குழந்தைகளுடையவை அதிகம். இங்கிலாந்தின் நார்த்தாம்டன் அருங்காட்சியகம் இவற்றுக்கென்றே ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. கெட்டது உள்ளே வராமல் இருக்க வைத்தார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம், எழுத்தில் காரணம் எழுதி வைத்தவர்கள் யாரும் அகப்படவில்லை. எடுத்த இடத்தைப் புகைப்படம் எடுங்கள், துடைக்காதீர்கள், கழுவவே கூடாது. பக்கத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: பணக்காரர்கள், பிரபலங்கள் சரி. ஏழைகள் இருந்த அடுக்கு வீட்டின் கதையை எப்படித் தெரிந்துகொள்வது? அவர்கள் எதையும் எழுதி வைத்திருக்க மாட்டார்களே?

பதில்: நியூயார்க்கில் 97, ஆர்ச்சர்ட் தெரு என்று ஒரு கட்டடம். 1863-இல் கட்டியது. 1935 வரை சுமார் 7,000 பேர் அதற்குள் வாழ்ந்திருக்கிறார்கள், ஜெர்மனி, அயர்லாந்து, இத்தாலி, கிழக்கு ஐரோப்பா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். 1935-இல் வந்த பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பச் செலவு செய்ய மனமில்லாத உரிமையாளர், மேல்தளங்களில் இருந்தவர்களை வெளியேற்றிவிட்டு, கீழே கடைகளை மட்டும் வைத்துக்கொண்டார். மாடி அப்படியே ஐம்பது வருடம் கிடந்தது. 1988-இல் இரண்டு பெண்கள் அருங்காட்சியகம் அமைக்க இடம் தேடிப் போய்ப் பார்த்தால், உள்ளே சுவர்க் காகிதம் அடுக்கடுக்காக, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியபடி இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு குடித்தனம்.

அந்தக் கஞ்சத்தனத்துக்கு வரலாறு கடன்பட்டிருக்கிறது, என்ன செய்ய.

அங்கே இருந்தவர்களில் நாட்டலி கம்பர்ட்ஸ் என்ற பெண்ணின் கதை வெளியே வந்த விதம்தான் உங்கள் கேள்விக்குப் பதில். அவருடைய கணவர் ஜூலியஸ் 1874-இல் ஒருநாள் வேலைக்குக் கிளம்பியவர், திரும்பவே இல்லை. சின்னப் பிள்ளைகளோடு நின்ற நாட்டலி துணி தைத்துப் பிழைத்தார். 1883-இல் கணவர் வீட்டிலிருந்து 600 டாலர் சொத்து வரவேண்டியிருந்தது, அதைப் பெறக் கணவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். அந்த வழக்கில் சொன்ன வாக்குமூலம்தான் இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. ஏழைகள் எழுதி வைக்கவில்லைதான், ஆனால் அதிகாரிகள் அவர்களைக் கேள்வி கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். பிரச்சினை வந்த இடத்திலெல்லாம் காகிதம் பிறந்திருக்கிறது. நீதிமன்றம், மருத்துவமனை, காவல் நிலையம், சுகாதார ஆய்வாளர் அறிக்கை, அங்கே தேடுங்கள். நல்லபடியாக, சச்சரவில்லாமல் வாழ்ந்த குடும்பத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

கேள்வி: எங்கள் நகரத்தின் பெருமைக்குரிய கட்டடம் ஒன்றைப் பற்றித் தேடப் போய், அசிங்கமான தகவல்கள் கிடைத்திருக்கின்றன. சொல்லாமல் விடுவது நல்லதா?

பதில்: சொல்லுங்கள். பிலடெல்பியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் அதிபராக 1790 முதல் 1797 வரை இருந்த மாளிகை எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டது. அங்கே ஒன்பது அடிமைகளையும் வைத்திருந்தார். ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் அடிமைக்கு விடுதலை என்பது அந்த மாநிலச் சட்டம். கெடு முடிவதற்குள் அவர்களை வெளியே அனுப்பி மறுபடி வரவழைத்துக்கொண்டிருந்தார். ஓனா ஜட்ஜ் என்ற பணிப்பெண் 1796-இல், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து வெளியேறி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்விட்டார், கடைசிவரை பிடிபடவில்லை. அமெரிக்க விடுதலையின் சின்னமான சுதந்திர மணிக்காகப் புதுக் கூடம் கட்டியபோதுதான், அதன் வாசலுக்குப் போகும் வழி அடிமைகள் தங்கிய இடத்தின் மேல் விழுகிறது என்று ஆய்வாளர்கள் கிளப்பினார்கள். பெரிய சண்டை நடந்தது. 2007-இல் தோண்டி அஸ்திவாரத்தைப் பார்த்தார்கள், 2010-இல் அந்த ஒன்பது பேரின் பெயரோடு நினைவிடம் திறந்தார்கள். யாராவது நாகரிகம் கருதிப் பேசாமல் இருந்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

ஒரே ஒரு கட்டுப்பாடு. சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருந்தால், அல்லது அவர்களுடைய பிள்ளைகள் அதே தெருவில் இருந்தால், ஊருக்குச் சொல்வதற்கு முன் அவர்களிடம் சொல்லுங்கள். அதிபர்களுக்கு இந்தச் சலுகை தேவையில்லை.

கேள்வி: சேர்த்ததையெல்லாம் என்ன செய்வது? வீட்டில் யாருக்கும் ஆர்வமில்லை.

பதில்: ஒரு பிரதியை உள்ளூர் நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ கொடுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எந்தப் புத்தகம், எந்த வருடம், எந்தப் பக்கம் என்று குறியுங்கள். அது இல்லாவிட்டால் உங்களுக்கு அப்புறம் வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு பிரதியை அந்த வீட்டிலேயே மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் உறைபோட்டு வையுங்கள். அப்படியே உங்கள் பெயரையும், வந்த வருடத்தையும் பட்டியலின் கடைசியில் எழுதிவிடுங்கள், நீங்களும் வாடகைக்காரர்தானே.