கயிறும் மணியும்: அப்போஃபிஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்போஃபிஸ் என்ற குறுங்கோள் 2029-இல் பூமியில் மோதலாம் என்று 2004-இல் சொன்னார்கள். வாய்ப்பு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. பிறகு ஒரே நாளில் "மோதாது" என்றார்கள். இப்படி மாற்றி மாற்றிப் பேசுகிறவர்களை எப்படி நம்புவது?

பதில்: அவர்கள் மாற்றிப் பேசவே இல்லை என்று அடித்துச் சொல்வேன். அந்த டிசம்பர் மாதக் கடைசி வாரத்தை நான் மறக்கவில்லை. தினமும் வெளியான எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். 23-ஆம் தேதி 300-இல் 1. மறுநாள் 60-இல் 1. 27-ஆம் தேதி 37-இல் 1. அதே நாளில் அடுத்த வரி: 2029-இல் மோதல் இல்லை. (முந்தைய நாள்தான் சுனாமி. உலகத்தின் கண்ணும் மனமும் கடற்கரைகளில் இருந்தன; இந்த எண்களைப் பலர் அறியவே இல்லை.)

தரையில் நீளமான கயிறு ஒன்று கிடக்கிறது. அதன்மேல் எங்கோ ஓர் எறும்பு. எந்த இடம் என்று தெரியாது. கயிற்றில் ஒரு மணி கோத்திருக்கிறது. எறும்புதான் குறுங்கோள், மணி பூமி. எறும்பு மணியின்மேல் இருக்க எவ்வளவு வாய்ப்பு? கயிறு நீளமாக இருக்கும்வரை மிகக் குறைவு. ஒவ்வொரு புதிய அவதானிப்பும் கயிற்றின் நுனியைக் கொஞ்சம் வெட்டுகிறது. மிஞ்சிய துண்டில் மணி இருக்கும்வரை வாய்ப்பு கூடத்தான் செய்யும். வெட்டு மணியைத் தாண்டியதும் பூஜ்ஜியம். எண் ஏறியதற்கும் விழுந்ததற்கும் காரணம் ஒன்றே: நமக்குத் தெரிந்தது அதிகமானது.

2004 ஜூனில் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிட் பீக் வானாய்வகத்திலிருந்து இதைக் கண்டுபிடித்தபோது கிடைத்தவை இரண்டே இரவுகளின் படங்கள். அப்புறம் டிசம்பரில்தான் மறுபடி ஆஸ்திரேலியாவிலிருந்து கண்ணில் பட்டது. கடைசி வெட்டை வெட்டியவை அதற்கும் முந்தைய மார்ச் மாதப் படங்கள். யாரும் கவனிக்காத மங்கலான சுவடு ஒன்று அவற்றில் இருந்தது. பழைய படங்களை அலுக்காமல் மறுபடி புரட்டியவர்கள்மீது எனக்கு இன்றும் பெரிய மரியாதை. 2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற குறுங்கோளுக்கு வாய்ப்பு 3 சதவீதத்தைத் தாண்டியதும் இதே கதைதான். சில நாட்களில் அது சரிந்தது. ஏறும்போது கொட்டை எழுத்தில் போடும் செய்தியை இறங்கும்போதும் அதே அளவில் போட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் சந்தேகம்தான் மிஞ்சும்.

கேள்வி: மோதாவிட்டாலும் 2029-இல் அப்போஃபிஸ் பூமிக்கு மிக அருகில் வரும் என்கிறார்கள். அப்போது பூமியின் ஈர்ப்பு அதன் பாதையைத் திருப்பிவிடாதா? அடுத்த முறை என்ன ஆகும்?

பதில்: திருப்பிவிடும். சுமார் 340 மீட்டர் அளவுள்ள அந்தப் பாறை 2029 ஏப்ரல் 13 அன்று தரையிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடக்கும். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தைவிட அது அருகில். இப்போது சூரியனை 324 நாட்களில் சுற்றுகிறது. அன்றைக்குப் பிறகு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 14 மாதம் ஆகும்.

அந்த நாளில் சுமார் 600 மீட்டர் அகலமுள்ள ஒரு குறிப்பிட்ட இடைவெளி வழியே அது போனால், 2036-இல் திரும்பிவந்து மோதும் பாதையில் ஏறிவிடும் என்ற சந்தேகம் இருந்தது. சாவித்துவாரம் என்பது அந்த இடைவெளிக்கு வைத்த பெயர். பல கோடி கிலோமீட்டர் பயணத்தில் 600 மீட்டர்! அதனால் சின்ன விசைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. வெயிலில் சூடான பாறை அந்த வெப்பத்தை வெளிவிடும்போது மெல்லிய தள்ளல் ஒன்று கிடைக்கிறது. யார்கோவ்ஸ்கி விளைவு என்பார்கள். அதனால் மட்டும் அப்போஃபிஸின் பாதை ஆண்டுக்கு 170 மீட்டர் அளவில் நகர்கிறது. 2036-இல் மோதலாம் என்ற சந்தேகம் 2013-இல் நீங்கியது. 2021 மார்ச்சில் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ரேடார் 1.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்த பாறையின் தூரத்தைச் சுமார் 150 மீட்டர் துல்லியத்தில் அளந்தது. அதோடு 2068-இல் மோதலாம் என்று மிஞ்சியிருந்த சந்தேகமும் நீங்கியது. அடுத்த 100 ஆண்டுகளுக்கு மோதல் இல்லை.

கேள்வி: வெறும் கண்ணால் தெரியுமா?

பதில்: தெரியும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் வானம் தெளிவாக இருந்தால் நடுத்தர வெளிச்சமுள்ள நட்சத்திரம்போல் காணலாம். செயற்கைக்கோளைப்போல் விரையாது, நிமிடத்துக்கு ஏறக்குறைய நிலாவின் அகலம் அளவுக்கு நகரும். அருகிலுள்ள ஒரு நட்சத்திரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பாருங்கள்.