வசனம் முந்திக்கொண்டால் படத்தை எப்படிக் காட்டுவது?

பொங்கோலில் வசிக்கும் ஒரு தந்தை கேட்கிறார்: “என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு ‘நாயகன்’ பார்த்தபோது, ‘நீங்க நல்லவரா, கெட்டவரா?’ என்று பேரன் கேட்கும் இடத்தில் நாங்கள் கண்கலங்கினோம். அவளோ வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வசனம் அவளுக்கு வாட்ஸ்அப் ஸ்டிக்கராகத்தான் தெரியுமாம். எனக்கு வருத்தமாக இருந்தது. மூலப் படைப்புகளை அவளுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது?”

உங்கள் மகள் சிரித்ததை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தோழியைச் சீண்டுவதற்காகப் பலமுறை அனுப்பிய ஒரு வரி, சிரிக்க வேண்டும் என்ற பழக்கத்தோடு சேர்ந்தே அவள் மனத்தில் பதிந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டுப் படத்தில் அதைக் கேட்டபோது அந்தப் பழக்கம் முந்திக்கொண்டது. இப்படி நகல் வழியாக மூலத்துக்கு வருவது தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதன்று. சிங்கப்பூர்த் தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடர் நாயகன் ஃபுவா சூ காங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடர் 1997 முதல் 2007 வரை ஒளிபரப்பானது. இன்றைய உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் பலர் அவரை 2021ஆம் ஆண்டின் தடுப்பூசிக் காணொளியில்தான் முதன்முதலாகக் கண்டிருப்பார்கள். அவருடைய மஞ்சள் பூட்ஸ் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே அவர்களும் சிரித்தார்கள்.

ஆகவே எல்லா மூலங்களையும் தேடிக் காட்ட வேண்டியதில்லை. நகலிலும் மூலத்திலும் ஒரே சுவை இருந்தால் விட்டுவிடலாம். 2019 மே மாத இறுதியில் சுத்தியல் படம் ஒன்றைப் பற்றிய ஃபேஸ்புக் உரையாடலிலிருந்து கிளம்பி உலகெங்கும் பேசப்பட்ட காண்ட்ராக்டர் நேசமணி, 2001இல் வெளிவந்த ‘ஃபிரெண்ட்ஸ்’ படத்திலும் நகைச்சுவைப் பாத்திரம்தான். படத்தைப் பார்க்காதவருக்கு அங்கே பெரிதாக எதுவும் நழுவிவிடவில்லை. அந்தப் படமே 1999ஆம் ஆண்டு மலையாளப் படத்தின் மறு ஆக்கம் என்பதால், மூலம் என்று எதைச் சொல்வது என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

சுவை தலைகீழாகும் இடங்களில்தான் பெற்றோரின் துணை தேவைப்படுகிறது. ‘சந்திரமுகி’யில் (2005) பிரபு மனம் கலங்கிப் பேசும் “என்ன கொடுமை சரவணன்”, ‘சென்னை 600028’இல் (2007) பிரேம்ஜியின் வாயில் “என்ன கொடுமை சார் இது” என்று கேலியாக மாறியது. அந்தக் கேலியே பரவியதால், இப்போது முதல் படத்தைப் பார்ப்பவர்கள் கலங்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறார்கள். உங்கள் வீட்டில் நடந்ததும் இதுவே.

இன்னொரு வகை எனக்கு மிகவும் பிடித்தமானது: நகலைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் பின்னோக்கிப் போகக்கூடியது. “நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே” என்பதை நான் சிறுவயதில் வானொலி நாடகங்களின் கிண்டலாகவே அறிந்தேன். பிறகுதான் ‘திருவிளையாடல்’ (1965) பார்த்தேன். தருமியாக நாகேஷும், நக்கீரராக இயக்குநர் ஏ. பி. நாகராஜனும் நடித்திருந்தார்கள். அந்தக் கதை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், தருமிக்குப் பொற்கிழி அளித்த படலத்தில் இருக்கிறது. அதற்கும் பின்னால், தருமி அரசவைக்குக் கொண்டுபோன “கொங்குதேர் வாழ்க்கை” என்ற பாடல் குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக, இறையனார் பெயரில் நிற்கிறது. அங்கே வாதமும் இல்லை, நெற்றிக்கண்ணும் இல்லை. தன் காதலியின் கூந்தலைவிட நறுமணமுள்ள பூவை நீ அறிவாயா என்று ஒருவன் தும்பியிடம் கேட்கிறான், அவ்வளவுதான். ஐந்தே அடிகள். ஸ்டிக்கரில் தொடங்கும் பிள்ளை சங்கப் பாட்டுக்கு நான்கு எட்டில் வந்துவிடலாம். நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் உரையோடு கூடிய பதிப்பைத் தேடிப் பாருங்கள்.

தேடும் வேலையை அவளிடமே விடுவது நல்லது. வசனத்தைத் தமிழ் எழுத்தில், மேற்கோள் குறிகளுக்குள் தட்டச்சு செய்து தேடச் சொல்லுங்கள். ஒரு நடிகரின் முகத்தோடு இன்னொருவரின் வசனத்தை ஒட்டும் மீம்கள் ஏராளம் என்பதால், படக்காட்சியைக் கண்ணால் பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

காட்சியைக் காட்டும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, வசனம் வரும் அரை நிமிடத்தை மட்டும் யூடியூபில் போட்டுக் காட்டுவது. அது ஸ்டிக்கரின் நீளமான வடிவம் என்பதைத் தவிர வேறில்லை. ‘நாயகன்’ படத்தில் அந்தக் கேள்விக்குக் கனம் சேர்ப்பது, வேலு நாயக்கரை விட்டு மகள் பிரிந்துபோகும் காட்சி. கேள்வி கேட்கும் சிறுவன் அந்த மகளின் பிள்ளை. சில மாதங்கள் கழித்து, மகள் வீட்டைவிட்டுப் போகும் இடத்திலிருந்து படத்தைத் தொடங்குங்கள். ‘இப்போது வரப்போகிறது’ என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள், அவள் முகத்தையும் திரும்பிப் பார்க்காதீர்கள். மறுபடியும் சிரித்தால் சிரிக்கட்டும். “தெரியலியேப்பா” என்ற பதில் வரும்வரை படத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.