பர்ப்புரா வந்த பையனின் சிறுநீரகம் தேறுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஏழு வயது மகனுக்குக் காலில் பர்ப்புரா புள்ளிகள் (சிறு ரத்தக் குழாய்கள் அழற்சியடைந்து தோலுக்கடியில் ரத்தம் கசிவதால் வரும் ஊதாப் புள்ளிகள்; இந்த அழற்சி சிறுநீரகத்தையும் தொடலாம்), இப்போது சிறுநீரில் ரத்தம், சிறுநீரகம் தேறுமா என்று.

பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேறிவிடும். புள்ளிகள் மறைந்துவிட்டதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பார்க்க வேண்டியது சிறுநீரில் போகும் புரதம். ரத்தம் மட்டும் லேசாகப் போனால் பெரிய பயம் இல்லை. புரதம் நிறையப் போய், முகம் வீங்கி, ரத்த அழுத்தமும் கிரியேட்டினினும் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் கூடும் கழிவு) ஏறினால்தான் கவலை. அப்போது பயாப்சி எடுப்பார்கள், அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கை ஊசியால் எடுத்துச் சோதிப்பார்கள். சிறுநீரக வடிகட்டிகளில் பாதிக்கு மேல் பிறை வடிவச் சிதைவு தெரிந்தால் ஆபத்து அதிகம், மருந்தும் கடுமையாகும். பெரியவர்களுக்கு வந்தால் பொதுவாகவே சிக்கல் கூடுதல்.

அப்புறம், பாதிப்பு தாமதமாகவும் தலைகாட்டும். குறைந்தது 6 மாதம் சிறுநீரையும் பிரஷரையும் பார்த்து வாருங்கள். அதைப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே செய்யலாம். புரதமோ பிரஷரோ ஏறினால் மட்டும் பாலக்காடோ கோவையோ, குழந்தைகள் சிறுநீரக மருத்துவரிடம் உடனே கிளம்பிவிடுங்கள்.