டல்லாஸில் உங்கள் மகளுக்கு யார் துணை?

பெரம்பூரிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு,

ஆகஸ்டில் டல்லாஸ் வருகிறீர்கள். மகளுக்கு எட்டு வயது, ஆறாம் வகுப்புக் கணக்கைச் சர்வசாதாரணமாகப் போடுகிறாள், வகுப்புப் பிள்ளைகளோடு ஒட்டவில்லை, மாடி வீட்டு ரயில்வே தாத்தாவோடு செஸ் ஆடும்போதுதான் வாய் திறக்கிறாள். "அங்கே இவளுக்கு யார் இருக்கிறார்கள், அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள்.

இருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க மாட்டார்கள், அவள் வயதிலும் இருக்க மாட்டார்கள்.

நான் ராயபுரத்துக்காரி. நம் பக்கத்துக் கேரம் கிளப்பில் பத்து வயதுப் பிள்ளைக்கு எதிரே நாற்பது வயது ஆள் உட்கார்ந்து ஆடுவார், யாரும் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள். 2024-ல் கலிஃபோர்னியாவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 3 தங்கம் வென்ற காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், அந்த வடசென்னைக் கேரம் பலகையிலிருந்து வந்தவர்தான். அமெரிக்கப் பள்ளியில் அந்தக் கலப்பு கிடையாது. டெக்சாஸில் செப்டம்பர் 1 அன்று என்ன வயதோ, பெரும்பாலும் அதை வைத்தே வகுப்பு. உங்கள் மகள் மூன்றாம் வகுப்பில் உட்காருவாள். வயது கலந்த கூட்டத்தை நாம்தான் தேடிப்பிடிக்க வேண்டும்.

முதலில் விசாரிக்க வேண்டியது 'மேத் சர்க்கிள்', பிள்ளைகள் கூடி உட்கார்ந்து கணக்குப் புதிர் போடும் கூட்டம். பல பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்களும் மாணவர்களும் வார இறுதியில் நடத்துகிறார்கள். சில இடங்களில் காசே கிடையாது. மதிப்பெண், ரேங்க் எதுவும் இல்லை. என் மகனை ஒன்பது வயதில் கூட்டிப்போனபோது செஸ் பலகை ஒன்றை வைத்தார்கள். எதிரெதிர் மூலையில் இரண்டு கட்டத்தை வெட்டிவிட்டால் மிச்சம் 62. ஒவ்வொன்றும் இரண்டு கட்டத்தை மறைக்கும் டாமினோ கட்டை 31 இருக்கிறது, முழுசாக மூட முடியுமா என்று கேள்வி. பக்கத்தில் இருந்த பதிமூன்று வயதுப் பையன் அடுக்கி அடுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். என் மகன் திடீரென்று, "வெட்டின ரெண்டும் ஒரே கலர்!" என்று கத்தினான். ஒரு டாமினோ எப்படி வைத்தாலும் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளையைத்தான் மூடும். மிச்சத்தில் ஒரு கலர் 32, இன்னொரு கலர் 30, எப்படிச் சரியாகும்? பெரியவன் சின்னவன் கையைக் குலுக்கிவிட்டு, "அப்போ வேற வேற கலர்ல ரெண்டை வெட்டினா?" என்று அடுத்த சண்டையை ஆரம்பித்தான். செஸ் ஆடும் உங்கள் மகளுக்கு இது மாதிரி இடம் ரொம்பப் பிடிக்கும்.

பள்ளி விஷயம். திறன்மிகு பிள்ளைகளுக்குத் தனித் திட்டம் நடத்த வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். பெற்றோரே பெயர் கொடுக்கலாம். சேர்க்கும் அன்றே கடைசித் தேதியைக் கேளுங்கள். தேர்வு எழுதி வகுப்பைத் தாண்டவும் வழி உண்டு, ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீதம் வேண்டும். ஆனால் அவசரப்படாதீர்கள். கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். மிகத் திறமையான பிள்ளைகளுக்கு உதவும் டேவிட்சன் இளம் அறிஞர் திட்டம் நல்லதுதான், ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருவது) வருபவர்கள் அதை நம்பி இருக்க வேண்டாம்.

அப்புறம், சம வயதுத் தோழியும் தேவைதான். கணக்கில் பன்னிரண்டு வயது மூளை இருந்தாலும், பென்சில் தொலைந்தால் அழுவது எட்டு வயதுப் பிள்ளைதான். "இவ்ளோ பெரிய கணக்கு போடுற, இதுக்கு அழுவியா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தமிழ்ப் பள்ளி, நீச்சல் வகுப்பு எதிலாவது சேர்த்துவிடுங்கள். அங்கே அவள் சும்மா விளையாடட்டும். தாத்தாவையும் விட்டுவிடாதீர்கள். கோடைக்காலத்தில் இங்கே சனி காலை எட்டு மணி என்றால் பெரம்பூரில் மாலை ஆறரை, வீடியோவில் ஓர் ஆட்டம் தாராளமாக ஆடலாம்.

இங்கே நம் ஆட்கள் வீடுகளில் கோப்பை, மெடல் பேச்சு அதிகம். விருந்துக்குப் போனால் அவளைக் கூப்பிட்டுக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். காட்சிப்பொருளாகிவிட்ட பிள்ளையோடு மற்ற பிள்ளைகள் விளையாட வருவதில்லை.

வீடு எந்தப் பகுதியில் என்று முடிவானதும் எழுதுங்கள். எந்தப் பள்ளி வட்டத்தில் வருகிறது என்று பார்த்து, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். அவளுடைய கணக்கு நோட்டு இரண்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவாருங்கள், ஆசிரியரிடம் காட்ட உதவும்.