பேச்சும் மூச்சும்

மதிப்பிற்குரிய ஐயா,

மனப்பதற்றம் குறித்த உங்கள் கட்டுரையை வாசித்தேன். அம்மா இறந்த பிறகு எனக்குப் பானிக் அட்டாக் (திடீரென எழும் கடும் பீதி) வரத் தொடங்கியது. ஏழு மாதங்களாக ஓர் உளவியலாளரிடம் வாரம் ஒருமுறை பேசி வருகிறேன். இதற்கிடையில் தோழி ஒருத்தி வற்புறுத்தியதால் மூச்சுப்பயிற்சியும் தியானமும் கற்பிக்கும் வகுப்பில் சேர்ந்தேன். தூக்கம் வருகிறது. முன்பெல்லாம் லிஃப்ட் பக்கமே போகமாட்டேன். இப்போது பத்து முறை மூச்சை எண்ணிவிட்டு ஏறிவிடுகிறேன். ஆனால் பயிற்சியாளர், “பேசிப் பேசிப் புண்ணைக் கிளறாதீர்கள், மூச்சே போதும்” என்கிறார். மனதுக்கு நல்லது என்று ஒரு மூலிகை மாத்திரையும் தந்திருக்கிறார். உளவியலாளரிடம் இதைச் சொல்ல ஏனோ கூச்சமாக இருக்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறேனோ? இரண்டையும் ஒரே நாளில் செய்யலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

நான் மருத்துவன் அல்லன். இரண்டு ஆண்டுகள் உங்களைப் போலவே ஓர் உளவியலாளரின் எதிரே அமர்ந்து பேசியவன் என்ற தகுதியில் மட்டுமே இதை எழுதுகிறேன். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்பதே என் எண்ணம். நீங்கள் செய்வதில் எனக்குக் குறையாகத் தெரிவது, இந்த அறையில் நடப்பது அந்த அறைக்குத் தெரியாமல் இருப்பதுதான்.

பேச்சுச் சிகிச்சை உடலை மறந்துவிட்டது என்று சொல்வோர் அதன் வரலாற்றைப் பார்ப்பதில்லை. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இலேயே நூலாக எழுதிவிட்டார். அந்தத் தளர்வை எடுத்துக்கொண்டு, அச்சம் தரும் பொருளைப் படிப்படியாக அணுகச் செய்யும் சிகிச்சையை மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1950-களில் வகுத்தார். ஜான் கபாட்-ஜின் 1979-இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்காகத் தொடங்கிய தியானப் பயிற்சியைப் பிற்பாடு மூன்று உளவியலாளர்கள் எண்ணங்களை ஆராய்ந்து மாற்றும் சிந்தனைமுறைச் சிகிச்சையோடு இணைத்து, மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வருபவர்களுக்கான தனி முறையாகவே ஆக்கினார்கள். ஆகவே நீங்கள் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. கூச்சம் தேவையே இல்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாறு அமர்வுகளாக என் தந்தையைப் பற்றி நானும் கோவையாக, ஏறக்குறைய ஒரு கட்டுரையைப் போலப் பேசிக்கொண்டிருந்தேன். (எழுதுகிறவர்களுக்கு இது ஒரு நோய்.) ஒருநாள் என் உளவியலாளர் இடைமறித்து, “உங்கள் கைகள் இப்போது என்ன செய்கின்றன?” என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். நாற்காலியின் கைப்பிடியை விரல் கணுக்கள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தேன். “அப்படியே பிடித்துக்கொண்டு மேலே சொல்லுங்கள்” என்றார். அடுத்த வாக்கியம் எனக்கு வரவில்லை. அதற்கு முன் பல மாதங்கள் நான் செய்திருந்த தியானமும் அன்று உதவியது; அந்த இறுக்கத்தை விட்டு உடனே ஓடிவிடாமல் சற்று நேரம் இருக்க முடிந்ததற்கு அந்தப் பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் லிஃப்டுக்கு வருகிறேன், ஏனெனில் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான். நிதானமாக, நிமிடத்துக்கு ஆறு முறை என்ற அளவில் மூச்சு விடும்போது இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் மூச்சோடு இசைந்துகொள்கிறது. பலருக்கு உடல் அமைதியாவதை உடனே உணர முடிகிறது. உங்களுக்குக் கிடைத்த ஆறுதல் மெய்யானது. ஆனால் எண்ணாமல் ஏற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், ‘லிஃப்டில் ஒன்றும் ஆகாது’ என்பதை உங்கள் மனம் இன்னும் கற்கவில்லை. ‘எண்ணியதால் தப்பித்தேன்’ என்பதையே கற்றுக்கொண்டிருக்கிறது. பானிக் அட்டாக்குக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர்கள் இத்தகைய கவசங்களைத் தேடிக் கண்டுபிடித்து மெல்லக் கழற்றுவார்கள். சில வேளைகளில் வேண்டுமென்றே வேகமாக மூச்சு வாங்கச் சொல்லி, அந்தப் படபடப்பு ஆபத்தற்றது என்று உடலுக்கே காட்டுவார்கள். எண்ணுகிறீர்கள் என்பதே தெரியாத உளவியலாளர் எதைக் கழற்றுவார்?

பயிற்சியாளர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. காயத்தை அவசரமாகக் கிளறுவது கெடுதல்தான். ஆனால் கண்ணை மூடி அசையாமல் உட்காருவதும் சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும்; அப்போது கண்ணைத் திறந்துகொள்ளவும் எழுந்து நடக்கவும் அனுமதிக்கும் ஆசிரியரே நம்பத்தக்கவர். ‘மூச்சே போதும்’ என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கடும் அதிர்ச்சிக்குப் பின் நெடுநாள் துன்புற்று, சிகிச்சையிலும் எளிதில் தேறாத 64 பெண்களை வைத்து மனநல மருத்துவர் பெஸ்ஸெல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வார யோகா கணிசமானோருக்கு உதவியது. அந்த ஆய்விலும் யோகா துணைச் சிகிச்சையாகவே வைக்கப்பட்டது. பேச்சை விட்டுவிடும்படி யாரிடமும் சொல்லப்படவில்லை.

மாத்திரை விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: மருத்துவரிடம் காட்டும்வரை விழுங்காதீர்கள். மூலிகை என்பதால் தீங்கற்றது என்று பொருளில்லை. மனச்சோர்வுக்கென்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றோடு சேர்ந்தால் ஆபத்தாகும். கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைத்துவிடும். உங்களிடம் இருப்பது எதுவென்று உறையைப் பார்த்தால்தான் தெரியும். மனநல மருத்துவர் கொடுத்த மருந்து ஏதேனும் எடுத்துவந்தால், யார் பேச்சைக் கேட்டும் அதைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.

ஒரே நாளில் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம். அம்மாவைப் பற்றிப் பேசிவிட்டு வரும் நாளில் மட்டும், அழுகை வந்தால் அதை மூச்சால் அமர்த்த முயலாமல் சற்று நேரம் நடந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். வகுப்பை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்த அமர்வில் லிஃப்டைப் பற்றியே பேச்சைத் தொடங்குங்கள். சொல்ல வரவில்லை என்றால், எனக்கு எழுதிய கடிதத்தை அச்செடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.